வரம்புக்குள் ஒரு பொய்

கார் பொய் சொல்லாது என்று அடித்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். கார்தான் பொய் சொல்கிறது, நான் யோக்கியன் என்று வந்து நிற்கிறவர்களைக் கண்டாலும் வரும். கோயமுத்தூர் நீதிமன்றத்துக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில், இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் மல்டிமீட்டரோடு உட்கார்ந்திருப்பதுதான் என் பிழைப்பு. பதவிக்குப் பெயர் வாகன சாட்சிப் பரிசோதகர். எனக்குப் பெயர் சுகந்தி. பொறியியல் படித்து, எஞ்சின்களுக்கு மின்சுற்று வரைந்து கொடுக்கும் வேலையில் இருந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தேன்.

முன்பெல்லாம் விபத்து நடந்தால் ஓட்டியவர் ஒன்று சொல்வார், வேடிக்கை பார்த்தவர் வேறொன்று சொல்வார், வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். வாகன சாட்சியச் சட்டம் வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. இப்போது ஒவ்வொரு காரிலும் ஒரு சாட்சிப் பெட்டி இருக்கிறது. எஞ்சினில் உள்ள சென்சார்கள் சொல்வதையெல்லாம் அது எழுதி வைக்கும். அது சொல்வதை நீதிமன்றம் கேட்கும், ஓட்டியவர் சொல்வதைக் கேட்காது. வழக்குகள் மளமளவென்று முடிந்தன. எல்லாருக்கும் பரம சந்தோஷம்.

கொஞ்ச நாளில் அது வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. எங்கே போய்விட்டு வருகிறாய் என்று புருஷன் கேட்டால் பெண்டாட்டி பதில் சொல்வதில்லை, காரைக் கேட்டுக்கொள் என்கிறாள். என் அக்கா ஒருமுறை பின்னால் வந்த ஸ்கூட்டர்காரனிடம் தான் பிரேக்கே போடவில்லை என்று சத்தியம் பண்ணிச் சண்டை போட்டாள். போட்டதாகப் பெட்டி சொன்னது. அன்று சாயந்திரம் காபி குடித்துக்கொண்டே, "போட்டிருப்பேன் போல இருக்குடி" என்றாள். ஞாபகம் அவளுடையதுதான், ஆனால் அதை அவளே நம்பவில்லை. நான் அன்று அதை ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பூபதியின் வழக்கு வந்தபோது அந்த வேடிக்கை போய்விட்டது.

பூபதி மேட்டுப்பாளையத்துக்காரர், சொந்தமாக வாடகைக் கார் ஓட்டியவர். ஒரு காலைப்பொழுதில் மனைவி பிரவீணாவை அழைத்துக்கொண்டு கோத்தகிரிக்கு ஒரு கலியாணத்துக்குக் கிளம்பினார். மலையேற்றத்தில் முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. ஆரன் அடித்து, வழி பார்த்து, முந்தினார். பாதி முந்தியிருந்தபோது வண்டி இழுவை விட்டது. மேலேயிருந்து ஒரு பேருந்து இறங்கி வந்தது. லாரிக்குப் பின்னால் ஒதுங்கிவிடலாம் என்று இடதுபக்கம் ஒடித்தார். லாரியின் பின்மூலை காரின் இடதுபக்கத்தைக் கிழித்தது. பிரவீணா அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். பூபதிக்கு நெற்றியில் ஒரு கீறல்.

ஓட்டியவர் முந்திக்கொண்டிருக்கும்போதே ஆக்சிலேட்டர் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டார் என்று பெட்டி சொன்னது. முந்தும்போது பாதியில் காலை எடுத்து உயிர் போனால் அதற்குச் சிறை உண்டு, நாலு வருஷத்துக்குக் குறையாது. பெட்டி சொன்னதை ஏற்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தண்டனையில் கொஞ்சம் கழியும், வழக்கு அன்றே முடியும். அதனால் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். பூபதியும் ஏற்றுக்கொள்ளத்தான் இருந்தார். அவருடைய மகள் விடவில்லை.

மகளின் பெயர் தன்ஷிகா. ஒன்பதாவது படிக்கிறாள், முகத்தில் பரு, வாயில் பல்லுக்குக் கம்பி. அப்பா காலை எடுத்திருக்கவே மாட்டார் என்று ஒற்றைக்காலில் நின்று, அவரை இழுத்துக்கொண்டு போய்ப் பரிசோதனைக்கு விண்ணப்பம் போட வைத்தவள் அவள்தான். பிரவீணாவின் தம்பி தீபனும் கூடவே வந்திருந்தான். அவன் பம்புசெட் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். இறந்தவர் தரப்பு என்ற முறையில் பரிசோதனையைப் பார்க்க அவனுக்கு உரிமை உண்டு. வந்த நிமிஷத்திலிருந்து கையைக் கட்டிக்கொண்டு கொட்டகை வாசலிலேயே நின்றான். முன்பு பூபதியை மாமா என்று கூப்பிட்டவன், இப்போது அந்தாளு என்றான்.

"எங்கக்காவக் கொன்னது அந்தாளு காலு மேடம். நீங்க என்னத்த நோண்டுனாலும் அதானே வரப்போவுது" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அலுப்பாகச் சொன்னான். அவனையும் குற்றம் சொல்ல முடியாது. அக்காவைப் பறிகொடுத்தவன், எல்லாரையும் போலப் பெட்டியை நம்பினான்.

முதலில் பூபதியிடம் விசாரித்தேன். இப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. இங்கே வருகிறவர்கள் கத்துவார்கள், காலில் விழுவார்கள், என் சாதியை விசாரிப்பார்கள். இவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும், யாரோ ஒருவருடைய கதையைச் சொல்வது போலப் பதில் சொன்னார். மனைவி போனதைச் சொல்லும்போதும் அதே குரல், டீ வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றபோதும் அதே குரல். வண்டி இழுவை விட்டபோது கால் எங்கே இருந்தது என்று கேட்டேன்.

"அமுத்திட்டு இருந்தேன்னுதான் நெனச்சேனுங்க. பெட்டி இல்லேங்குது. அப்பறம் நான் என்னத்தச் சொல்றதுங்க" என்றார்.

நினைப்பதை விடுங்கள், நடந்ததைச் சொல்லுங்கள் என்று அதட்டினேன். அவர் தன் வலது காலையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தெரியலீங்க மேடம் என்றார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. பொய் சொல்கிறவனோடு மல்லுக்கட்டலாம். தன் காலையே நம்பாதவரோடு என்ன பண்ணுவது?

தன்ஷிகா என் மேஜைப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டாள். பெடலில் ஒரு சென்சார் இருக்குமே, அது எதுவும் சொல்லவில்லையா என்று கேட்டாள். கேள்வி சரியான கேள்விதான்.

"சொல்லுச்சு. கால் நல்லா அமுங்கியிருக்குன்னுதான் சொல்லுச்சு. ஆனா எஞ்சின் உறிஞ்சுற காத்தோட அழுத்தம் விழுந்திருக்குன்னு அழுத்த சென்சார் சொல்லுச்சு. கால எடுத்தாத்தான் அந்த அழுத்தம் விழும். எஞ்சின் சுத்துற வேகமும் கொறஞ்சுது. மூணு பேர்ல ரெண்டு பேர் ஒண்ணு சொன்னா மூணாவது ஆள் சொன்னது தப்புன்னு பெட்டியே திருத்தி எழுதிக்கும்."

"அந்த அழுத்த சென்சார் பொய் சொன்னா?"

"சொன்னா, காத்துக் கம்மியா வருதுன்னு நம்பி வண்டியோட கம்ப்யூட்டர் பெட்ரோலக் கொறைக்கும். பெட்ரோல் கொறஞ்சா வேகம் நெசமாவே விழும். ஒருத்தன் சொன்ன பொய்க்கு இன்னொருத்தன் சாட்சி ஆயிருவான்."

"எங்கப்பாவுக்கு இதுல ஓட்டே இல்லீங்களா?"

"இல்ல கண்ணு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்படியானால் அந்தச் சென்சாரைத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்கே உத்தரவு போட்டாள். போடி வாயாடி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு எழுந்தேன். இத்தனை பேரில் உயிரோடு இருப்பது இவள் ஒருத்திதான் என்று தோன்றியது.

அந்தச் சென்சாருக்கு மூன்றே கம்பிகள். ஒன்றில் கம்ப்யூட்டர் ஐந்து வோல்ட் அனுப்பும். ஒன்று எர்த். மூன்றாவதில் சென்சார் தன் பதிலை வோல்ட்டாகத் திருப்பி அனுப்பும், அழுத்தம் கூடினால் வோல்ட் கூடும், குறைந்தால் குறையும். காரின் இடதுபக்கம் நசுங்கியிருந்தாலும் எஞ்சின் வலதுபக்கம் ஆட்டம் காணவில்லை, சென்சார் அந்தப் பக்கம்தான். கம்பிகளின் பின்புறமாக ஊசி நுழைத்து ஒவ்வொன்றாக அளந்தேன். ஐந்து வோல்ட் ஐந்தாகவே வந்தது. எர்த் நன்றாக இருந்தது. எஞ்சின் ஓடாமல் நிற்கும்போது வெளிக்காற்றின் அழுத்தத்தைச் சொல்ல வேண்டும், அதைச் சரியாகச் சொன்னது. கைப்பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சினேன், உறிஞ்ச உறிஞ்ச ஒழுங்காக இறங்கியது, விட்டதும் ஏறியது. கம்பிக்கட்டைப் பிடித்து உலுக்கினேன், வளைத்தேன், சூடு காட்டினேன். எண் அசையவில்லை. பழுதுக்கு உண்டான எச்சரிக்கையும் எங்கும் பதிவாகியிருக்கவில்லை.

அன்று முழுக்க அதே வேலை. சாயந்திரம் ஒன்றும் கிடைக்கவில்லை, நாளைக்கு ஒருமுறை பார்க்கிறேன் என்றபோது தீபன் தலையை ஆட்டிக்கொண்டான். தன்ஷிகா என்னை முறைத்தாள். பூபதி எழுந்து, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். எதற்கு நன்றி என்று கத்த வேண்டும் போல இருந்தது.

மறுநாள் மத்தியானம் தீபன் தன்ஷிகாவைச் சாப்பிட அழைத்துக்கொண்டு போனான். பூபதியைக் கூப்பிடவில்லை. அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு வாய் வைத்துவிட்டு மூடினார். நான் எஞ்சின்மேல் குனிந்தபடி, பொழுது போகாத குறைக்கு, அன்றைக்கு வெயிலா மழையா என்று கேட்டேன்.

"மஞ்சு எறங்கியிருந்துச்சுங்க. மழையில்ல. வைப்பர் போட்டாத்தான் ரோடே தெரிஞ்சுது" என்றார்.

என் கொட்டகையோ அடுப்பு. தகரக்கூரைக்குக் கீழே, காய்ந்த எஞ்சினை, காய்ந்த கம்பிகளை அளந்துகொண்டிருந்தேன். புத்தி கெட்டவளே என்று என்னையே திட்டிக்கொண்டு, செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை எடுத்து வந்தேன். அந்தச் சென்சாரில் கம்பிகளைச் சொருகும் கனெக்டரைச் சுற்றி மெல்லிய தூறலாகப் பீய்ச்சினேன். ஈரத்துணி ஒன்றை மேலே போட்டேன். மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நாலு வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த எண், கொஞ்ச நேரம் கழித்து இறங்க ஆரம்பித்தது. தடாலென்று விழவில்லை. யாரோ மெதுவாகக் காலை எடுப்பது போல இறங்கி, இரண்டுக்குக் கீழே போய் நின்றது. இத்தனை வருஷ வேலைக்குப் பிறகும் இந்த நிமிஷத்தில் எனக்குச் சந்தோஷம் வரும், பொய் சொல்வானேன். பூபதியைக் கூப்பிட்டேன்.

"இங்க பாருங்க. வண்டி நிக்குது, எஞ்சின் ஓடல, பெடல்கிட்ட யாருமே இல்ல. ஆனா அழுத்தம் விழுந்திருச்சுன்னு இது சொல்லுது."

அவர் மீட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியானால் எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்க வேண்டாமா என்று கேட்டார். ஓட்டுநர் அல்லவா, அது அவருக்குத் தெரியும். கம்பி அறுந்தால் எண் ஒரேயடியாகப் பூச்சியத்துக்கோ உச்சத்துக்கோ போகும், வரம்பை மீறிய எண்ணைக் கண்டால் கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வரும், விளக்கைப் போடும் என்று விளக்கினேன். இது வரம்புக்குள்ளேயே நிற்கிறது. நம்பத்தகுந்த எண். வரம்புக்குள் சொல்கிற பொய்யை அதற்கு உண்மையிலிருந்து பிரிக்கத் தெரியாது.

"அப்ப நான் கால எடுக்கலீங்களா?"

"எடுக்கல."

"அமுத்திட்டேதான் இருந்தேனுங்களா?"

"கடைசி வரைக்கும் அமுத்திட்டுத்தான் இருந்திருக்கீங்க."

பூபதி அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வலது உள்ளங்காலைக் கையால் பிடித்துக்கொண்டார். முகத்துக்கு ரத்த ஓட்டம் வந்தது. நான் பார்த்த இரண்டு நாளில் அப்போதுதான் அவர் முகம் ஒரு மனிதருடைய முகமாக இருந்தது. தண்ணீர் கொடுத்தேன், ஒரே மூச்சில் குடித்தார். அம்மிணி தன்ஷிகா வந்ததும் சொல்ல வேண்டும், அவள் ஒருத்திதான் நம்பினாள் என்றார். சொல்லலாம், முதலில் ஈரம் எதில் ஏறுகிறது என்று பார்த்துவிடுகிறேன் என்று சொல்லிக் கனெக்டரைக் கழற்றினேன்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

ரப்பர் வளையம் சிதையாமல் இருந்தது, ஆனால் அதன் ஓரத்தில் ஒரு பருக்கை சிக்கி அதைச் சரியாக மூடவிடாமல் பண்ணியிருந்தது. உள்ளே மூன்று ஊசிகளுக்கு நடுவில் செம்மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. துரு என்றுதான் முதலில் நினைத்தேன். சுரண்டி மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம். அதன்மேல் குங்குமம். காய்ந்து கிடக்கும்வரை அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. மஞ்சுப் பனியில் ஈரம் ஏறினால் அதன் வழியே மின்சாரம் கசிந்து எர்த்துக்குப் போகும். சென்சார் பாவம், சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அது சொன்னதில் பாதி வழியிலேயே காணாமல் போய்விட்டது.

ஆயுத பூஜைக்கு எஞ்சினுக்குப் பொட்டு வைக்காத வண்டி நம் ஊரில் எது? மூடியில் வைப்பார்கள், பேட்டரியில் வைப்பார்கள். கனெக்டரின் வாய்க்குள் வைத்து நான் கண்டதில்லை. இதற்குள் எப்படிப் போயிற்று, யார் வைத்தது என்று சிரித்துக்கொண்டே திரும்பினேன். பூபதி எழுந்து வந்து என் கையிலிருந்ததைப் பார்த்தார். வந்திருந்த ரத்தம் அவர் முகத்திலிருந்து இறங்குவதை நான் பார்த்தேன்.

கேட்டதையே மறுபடி கேட்டேன். பிறகுதான் சொன்னார். பூஜைக்கு முதல் நாள் தண்ணீர் அடித்து எஞ்சினைக் கழுவியிருக்கிறார். உலரட்டும் என்று கனெக்டர்களைக் கழற்றி வெயிலில் தொங்கவிட்டிருக்கிறார். மறுநாள் தன்ஷிகா சந்தனக் கிண்ணத்தோடு வந்து, ஒரு பாகம் விடாமல் பொட்டு வைத்திருக்கிறாள்.

"இது மட்டும் மூணு கண்ணோட பொம்ம மூஞ்சியாட்ட இருக்குதுப்பா, நெத்தியவே காணம்னு சொல்லி உள்ளாற வெச்சுதுங்க. நானும் அவங்கம்மாவும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அப்பறம் நாந்தான் எடுத்துச் சொருகுனேன்."

வெளியே யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். சொருகியது நீங்கள், அப்படியே அறிக்கை எழுதுகிறேன், வைத்தது யார் என்று எனக்கு எழுத வேண்டிய அவசியம் இல்லை என்றேன். அறிக்கையில் படம் இருக்குமா என்று கேட்டார். இருக்கும். மேஜைக்கு மேலே உள்ள காமிரா, நான் கழற்றும் ஒவ்வொன்றையும் படம் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. பரிசோதனை முடிந்தது என்று நான் முத்திரை வைத்ததும், படங்களோடு அறிக்கை இரண்டு தரப்புக்கும் போகும். சந்தனம் குங்குமம் என்று எழுதாமல் வெறும் ஈரம் என்று எழுத முடியுமா என்று கேட்டார். எழுதினாலும் படம் சிவப்பாகத்தானே இருக்கும் என்றேன்.

"அவ பாத்தவொடன கண்டுபுடிச்சிருவாங்க. தீபன் மாப்ள கேக்கவே வேண்டாம், அவளே சொல்லிருவா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு பொட்டு யாரையும் கொல்லாது என்று கத்தினேன். ஒரு பருக்கைக்கு வழிவிடுகிற ரப்பர் வளையத்தைப் பண்ணியவன் கொன்றான். பெடல் சொன்னதை அடித்துவிட்டுத் தானே திருத்தி எழுதிக்கொள்கிற பெட்டியைப் பண்ணியவன் கொன்றான். அதற்குச் சட்டம் போட்டவன் கொன்றான். குழந்தை என்ன பண்ணும்? இதை அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்ள மாட்டாளா? பூபதி குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார். நான் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்பது போலத் தலையை ஆட்டினார்.

"எல்லாம் சரிதானுங்க மேடம். கால எடுத்தேன்னு பெட்டி சொன்னப்பறம் நான் எப்படி இருந்தேன்னு பாத்தீங்கல்ல? எனக்குக் கழுத வயசாச்சு. நானே அப்படி ஆயிட்டேன். அவ இன்னும் எத்தன வருசம் இருக்கோணும்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். முத்திரை வைப்பதற்கு முன்னால் பெட்டி சொன்னதை ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்டார். பதில் அவருக்கே தெரியும், இருந்தாலும் என் வாயால் கேட்டுக்கொண்டார். பரிசோதனை செல்லாது. படங்கள் அழிந்துபோகும். இங்கே பார்த்ததை நான் எங்கும் பேசக்கூடாது.

"அப்படீன்னா ஏத்துக்கறேனுங்க" என்றார். பழைய குரல் வந்துவிட்டது.

இன்னொரு தடவை யோசியுங்கள் என்றேன். நாலு வருஷம் என்றேன். அவள் உங்களை மட்டும்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள், அந்த நம்பிக்கை என்ன ஆவது என்றேன். அவர் கனெக்டரை என் கையிலிருந்து வாங்கி, அதன் இடத்தில் தானே சொருகினார். பொருந்தியதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்துக்கொண்டார்.

அவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். தன்ஷிகா கையில் அப்பாவுக்கென்று ஒரு பொட்டலம் இருந்தது, தீபன்தான் வாங்கிக் கொடுத்தானாம். கொஞ்சம் மனசு இளகியிருந்தான் போலிருக்கிறது. கொட்டகையில் இருந்த நீதிமன்றத் திரைக்கு முன்னால் நின்று, பெட்டி சொன்னதை ஏற்கிறேன் என்று பூபதி தெளிவாகச் சொன்னார். திரை ஒருமுறை மினுக்கிவிட்டு, என் இரண்டு நாள் வேலையை அழித்தது.

தீபன் ஜெயித்த முகம் காட்டவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். பிறகு என்னிடம் வந்து, நல்லபடியாக முடித்துக் கொடுத்ததற்கு நன்றி என்று சொல்லி, மருமகளின் தோளில் கை வைத்து, போகலாம் வா என்றான். இனி அவள் இருக்கப்போவது அவன் வீட்டில்தான்.

அவள் நகரவில்லை. பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள்.

"ஏன்ப்பா ஏத்துக்கிட்டீங்க? நீங்க எடுக்கலேன்னு என்கிட்டச் சொன்னீங்கல்ல?"

"எடுத்துட்டேன் கண்ணு. பயந்துட்டேன்" என்றார் பூபதி.

"இல்ல. நீங்க சொல்லுங்க மேடம். அந்தச் சென்சாரப் பாத்தீங்கல்ல? அது பொய் சொல்லுச்சுதானே? எங்கப்பா கால எடுக்கலதானே?"

எத்தனையோ வக்கீல்கள் என்னைக் குறுக்குக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். வாய் குழறியதே இல்லை. அன்று பூபதியைப் பார்த்தேன். அவர் கெஞ்சவில்லை, கண் காட்டவில்லை, வெறுமனே நின்றார். தீர விசாரிப்பதே மெய் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்தவள் நான். தீர விசாரித்தும் ஆயிற்று.

"சர்க்யூட் நல்லாத்தான் இருக்கு கண்ணு. ஒரு பழுதும் இல்ல" என்றேன்.

என்னை நம்பினாள். நான் நன்றாகப் பார்த்திருப்பேன் என்று அவளுக்குத் தெரியும், இரண்டு நாளும் பக்கத்திலேயே நின்றவள். பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள். அழவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். முதல் நாள் வாசலில் நின்றுகொண்டு அவளுடைய மாமன் பார்த்தானே, அந்தப் பார்வை. பூபதி தலையைக் குனியாமல் அதை வாங்கிக்கொண்டார்.